ஊதா பச்சையாகும்போது

சென்னையில் சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளை வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு புகாரில் வந்து நிற்கும். வாங்கும்போது செடி ஊதாவாக இருந்தது, ஓரமெல்லாம் ரோஜா நிறம், இலைமேல் திருநீறு பூசியது போல் ஒரு வெண்மை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் வெறும் பச்சையாகிவிட்டது. நெருங்கி அடுக்கியிருந்த இலைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, தண்டு நீண்டு, ஜன்னல் பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. "ஏமாத்திட்டாங்க" என்பார் ஒருவர். "சாயம் அடிச்சு வித்திருப்பாங்க" என்பார் மற்றவர்.

சாயம் அடித்து விற்பதும் உண்டுதான். கள்ளிச் செடிகள்மீது நீலமும் பொன்னிறமும் ஸ்பிரே செய்து அடுக்கி வைப்பார்கள்; புதிதாக வளரும் பாகம் பச்சையாக வரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். வானவில் நிறத்தில் படம் போட்டு இணையத்தில் விதை விற்பவர்களும் இருக்கிறார்கள். அது கம்ப்யூட்டரில் நிறம் மாற்றிய படம். ஆனால் எச்செவெரியாவும் கிராப்டோவெரியா போன்ற கலப்பினங்களும் பச்சையாகும்போது அங்கே மோசடி எதுவும் நடக்கவில்லை. விற்றவர் கொடுத்தது நிஜ ஊதா. நம் வீட்டில் வந்திருப்பது நிஜப் பச்சை. இரண்டும் ஒரே செடியின் நிறங்கள். இதை ஒப்புக்கொள்ள மனம் ஏன் இத்தனை முரண்டு பிடிக்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த ஊதாவைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழம் சட்டையில் விட்டுப்போகும் கறையும், கத்தரிக்காய்த் தோலின் மினுக்கமும் இதே குடும்பத்து நிறமிகளின் வேலை. மாமரம் துளிர்க்கும்போது தளிர்கள் செம்பழுப்பாகத் தொங்குகின்றனவே, அதற்கும் இதுவே காரணம். இன்னும் முதிராத இலையை வெயில் சுட்டுவிடாமல் இந்த நிறமி திரைபோட்டுக் காக்கிறது என்பது தாவரவியலாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். சக்குலன்ட்டிலும் அதேதான் நடக்கிறது. வெயில் கடுமை, தண்ணீர் குறைவு, இரவில் நல்ல குளிர். இந்த நிலையில், வந்து விழும் ஒளியை எல்லாம் பச்சையத்தால் உணவாக்க முடியாது. மிஞ்சிய ஒளி இலைக்குக் கெடுதல். செடி நிறமியைத் தயாரித்து அதைத் தடுத்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். நம் வீட்டு பால்கனியில் நிழல், தவறாமல் தண்ணீர், போதாததற்குக் கொஞ்சம் உரம். அங்கே திரை எதற்கு? செடி அதைக் களைந்துவிட்டு, கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தைப் பிடிக்க இலையை விரிக்கிறது, தண்டை நீட்டுகிறது.

இதைக் காட்டி, துன்பம்தான் உயிரை அழகாக்கும் என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வாட்டம் அளவு மீறினால் செடி சாகும், அவ்வளவுதான். மேலும், இன்னொரு உயிர் பட்ட வாட்டத்தின் நிறத்தை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசிக்கிறவர்கள் நாம். துன்பத்தின் பெருமையைப் பேச நமக்கு என்ன யோக்கியதை?

வெயிலைவிடவும் இந்தச் செடிகளுக்கு முக்கியமானது இரவு. அதை எழுத்தில் பதிவுசெய்த முன்னோடிகளில் ஒருவருக்கும் நம் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. பெஞ்சமின் ஹெய்ன் ஜெர்மானியர். மொரேவியன் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் பணியாற்றி, 1819இல் மதராஸிலேயே இறந்தவர். அவர் மென்று பார்த்த செடி நம் ரணகள்ளி. பள்ளிப் பிள்ளைகள் இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி முளைக்கிறதா என்று பார்ப்பார்களே, 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்ற அந்தச் செடியேதான். அதன் இலை காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசான கசப்பு என்று அவர் கவனித்தார். அவருடைய கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அச்சானது.

அந்தப் புளிப்பின் விளக்கம் தெளிவாக நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அப்போது நீர் ஆவியாகி வீணாகிறது. வறண்ட நிலத்துச் செடிக்கு அது கட்டுப்படியாகாது. எனவே பகலில் துளைகளை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேமிக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து உணவு தயாரிக்கிறது. காலைப் புளிப்பு இரவின் சேமிப்பு. மதியத்தில் சப்பென்று இருப்பது, சேமிப்பு செலவானதால்.

இனி, எச்செவெரியாவின் பூர்வீகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மெக்சிகோவின் உயரமான மலைச்சரிவுகள். பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும் இடங்கள். மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. போதாததற்குக் கடல் காற்றின் ஈரம். மூச்சு விட வேண்டிய நேரத்தில் அந்தச் செடிக்குச் சரியாக மூச்சு விட முடிவதில்லை. வளர்ச்சி நின்று முடங்குகிறது. முடங்கிய செடிக்கு நாம் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். அதைக் குடிக்கிற நிலையில் வேர் இல்லை, அழுகுகிறது. அதே கலப்பினம் கொடைக்கானலில், ஊட்டியில், ஒரு பழைய டப்பாவில் யாரும் கவனிக்காமலே ரோஜா நிறத்தில் பூத்தது போல் இருக்கும். அங்கே வீட்டுத் திண்ணையில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சென்னைக்குத் திரும்பியதும் தங்கள் கைராசியை நொந்துகொள்கிறார்கள். பாவம், கை என்ன செய்யும்?

நான் இதுவரை அதே கலப்பினம், அதே செடி என்று சொல்லிவந்தேன். சொல்லுக்குச் சொல் உண்மை அது. மெக்சிகோவின் தாவரங்களை வரைந்த அதானாசியோ எச்செவெரியா என்ற ஓவியரின் பெயரை 1828இல் ஒரு பேரினத்துக்கு வைத்தார் தாவரவியலாளர் டி கண்டோல். அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைக் கலந்து புதுவகை உண்டாக்குவது ஒரு மோகமாகவே வளர்ந்தது. இந்தக் குடும்பத்தில் பேரினங்களுக்கு இடையிலான வேலிகள் வியக்கத்தக்க அளவுக்குத் தாழ்வு. எச்செவெரியாவோடு கிராப்டோபெட்டலம் கலந்தால் கிராப்டோவெரியா, செடம் கலந்தால் செடெவெரியா, பாக்கிஃபைட்டம் கலந்தால் பாக்கிவெரியா. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஊல் என்ற தாவரவியலாளர் பல பத்தாண்டுகள் இவற்றின் குரோமோசோம்களை எண்ணி, இணைத்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ஆராய்ந்தார்.

கலப்பது கடினமான காரியம் இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, மகரந்தப் பைகளைக் களைந்த இன்னொரு பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். காய் முற்றினால் கிடைப்பது தூசி போன்ற விதை, தும்மினால் பறந்துவிடும். முளைக்கும் நாற்றுகள் உடன்பிறப்புகளே என்றாலும் ஒன்று போல் ஒன்று இராது. அவை உருவம் பெறுவதற்கே ஓரிரு ஆண்டு ஆகும். அதில் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றைத் தூக்கிப் போடுவார்கள். தேர்ந்த அந்த ஒன்றின் விதையை எடுத்து விதைத்தால் அதே செடி வராது. அதன் இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் பக்கக் கன்றிலிருந்தும்தான் அது தொடர முடியும்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'பெர்லே ஃபொன் நியூர்ன்பெர்க்' என்று ஒரு எச்செவெரியா. ஊதாவும் சாம்பலும் கலந்த நிறம். இந்த வகையில் மிகப் பிரபலமானது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியில் உருவானது. அதை உண்டாக்கியவர் இல்லை, முதல் தொட்டியும் இல்லை. ஆனால் அந்த ஒரே ஒரு நாற்றின் உடம்பு இலை இலையாகப் பிரிந்து கலிபோர்னியாவிலும், கொரியாவிலும், காலிம்போங் நர்சரிகளிலும், நம் ஊர் பால்கனியிலும் இருக்கிறது. இவை எல்லாம் அதன் பிள்ளைகள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவேதான் இவை. ஒரே பிறப்பு, ஒரே மரபணு. கலிபோர்னியாவின் குளிர்காலத்தில் ஊதா, சென்னையில் பச்சை.

இதையே ஒரு பெரிய சோதனையாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீஸி என்ற மூன்று அறிஞர்கள் காட்டுச் செடிகளைப் பிய்த்துப் பங்கிட்டு, ஒரே செடியின் துண்டுகளை மூன்று உயரங்களில் நட்டார்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டில் ஒன்று, ஏறத்தாழ 1,400 மீட்டரில் ஒன்று, 3,000 மீட்டர் தாண்டிய மலைமுகட்டில் ஒன்று. 1940இல் வெளியான அவர்களின் நூலில் அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டிப் படம் எடுத்திருப்பார்கள். ஒரே உடம்பு ஓரிடத்தில் ஓங்கி வளர்ந்திருக்கிறது, இன்னோரிடத்தில் குன்றிக் கிடக்கிறது. வேறு வேறு செடி என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். ஆனால் அந்த நூல் சொல்லும் இன்னொரு செய்தியை மறைத்துவிடக் கூடாது. கடலோரத்துச் செடிகள் சில மலைமுகட்டின் குளிர்காலத்தைத் தாண்டவே இல்லை. செத்துப்போயின.

ஆகவே பிறப்பு ஒரு செடிக்கு ஒரு நிறத்தைக் கொடுப்பதில்லை. இன்ன இன்ன நிலையில் இன்ன இன்ன நிறம் கொள்ளலாம் என்று ஒரு வரம்பைக் கொடுக்கிறது. அந்த வரம்புக்குள் எது வெளியே வரும் என்பதை இடம் தீர்மானிக்கிறது. வரம்புக்கு வெளியே இழுத்தால் உயிர் போகிறது. எல்லாரும் எங்கும் எதுவாகவும் ஆகலாம் என்ற மேடைப் பேச்சு இதனால்தான் எனக்கு ஒட்டுவதில்லை. அதைவிடப் பெரிய பொய் ஒன்று நம் வீடுகளில் புழங்குகிறது. "அவங்க ரத்தத்துலயே இருக்கு" என்று ஒரு சாதியை, ஒரு தெருவை, ஒரு குடும்பத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையைக் குனிந்து பார்த்தவர் அது முளைத்த மண்ணையும் ஒருதரம் பார்த்தாரா என்று நாம் கேட்பதில்லை.

பிறந்த வீட்டில் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்கவைத்த பெண், புகுந்த வீட்டில் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள். "அவ சுபாவமே அப்படி, அமைதி" என்கிறாள் மாமியார். "எங்க பொண்ணா? அவ வாயை மூடவே முடியாதே!" என்கிறாள் அம்மா. இருவரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒருத்தி அமைதி என்பது குணம் என்று நினைக்கிறாள். அது அந்தக் கூடத்தின் வெளிச்சத்துக்கு அவள் கொண்ட நிறம். ஒரு பள்ளியில் மக்கு என்று எழுதப்பட்ட பையன் இன்னொரு பள்ளியில் கணக்குப் போடுகிறான். அலுவலகத்தில் வள்ளென்று விழும் மனிதர் பேத்தியின் முன்னால் யானையாகக் குனிகிறார். ஒருவரைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வதில் பாதி, நாம் அவருக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் பற்றியது. மற்றவரைக் குறித்து நாம் வழங்கும் தீர்ப்புகளில் நம்மை அறியாமலே நம் கையெழுத்தும் இருக்கிறது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லும்போது நம் மனம் முரண்டு பிடிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பச்சைக்கு நாமும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

எப்போதும் மாறாத நிறம் வேண்டுமென்றால் அதற்கும் கடையில் ஒரு செடி கிடைக்கும். பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டை: மூன் கேக்டஸ். 1941இல் ஜப்பானில் எய்ஜி வதனபே என்பவரின் நாற்றுகளிடையே பச்சையமே இல்லாத சிவப்பு நாற்றுகள் தோன்றின. பச்சையம் இல்லாத செடிக்குச் சாப்பாடு இல்லை. தானாக விட்டால் சில நாளில் சாகும். அவற்றை எடுத்து வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார்கள். இன்று கடைகளில் இருப்பவை அந்த வழியில் வந்தவை. அடித்தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் துண்டு. அது சமைக்கிறது, மேலிருப்பது உண்கிறது. இரண்டின் வளர்ச்சி வேகமும் ஒத்துப்போகாததால் சில ஆண்டுகளில் ஒட்டு விட்டுப்போகும். வெயிலோ நிழலோ, அந்தச் சிவப்பு பச்சையாகாது. பச்சையாக அதனிடம் ஒன்றும் இல்லை. பச்சையாக மாறவே மாறாது என்று உத்தரவாதம் தரக்கூடிய செடி இது.

இனி, கடலோரத்தில் இருக்கும் நாம் எதை வளர்ப்பது? எச்செவெரியா கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். டிசம்பரிலும் ஜனவரியிலும் அது இங்கும் கொஞ்சம் சிவக்கும். மே மாதம் பிழைத்திருந்தால் போதும் என்று அதனிடம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். 'கோஸ்ட் பிளான்ட்' எனப்படும் கிராப்டோபெட்டலமும் அதன் கலப்பினங்களும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மண்ணில் சலித்த செங்கல் ஜல்லியும் பருமணலும் பாதிக்குமேல் இருக்கட்டும். மண்தொட்டி நல்லது. மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர், அதுவும் மாலையில். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலுக்குத் தூக்கினால் கருகும். பச்சை வலையின் கீழ் பழக்க வேண்டும். இலைமேல் இருக்கும் வெண்பூச்சை விரலால் தொடாதீர்கள். அது மெழுகு. அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது. ஐப்பசி மழை வரும்போது தொட்டிகளை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துவதை மட்டும் மறக்கக் கூடாது. இங்கே வெயிலைவிட அந்த மழைதான் கொல்லும்.

ஆனால் நிறம்தான் ஆசை என்றால், நம் வெயிலை விரும்பிக் குடிக்கும் கலப்பினங்கள் வேறு இருக்கின்றன. அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்தது. தாய்லாந்திலும் தைவானிலும் அதைக் கலந்து கலந்து, அடுக்கிதழ், கறுஞ்சிவப்பு, கோடுபோட்ட வெள்ளை என்று எத்தனையோ உண்டாக்கிவிட்டார்கள். சித்திரை வெயிலில் மற்றச் செடிகள் தலை தொங்கும்போது அது பூக்கும். மடகாஸ்கரின் முள்செடியான யூஃபோர்பியாவைத் தாய்லாந்துக்காரர்கள் பெரும் பூங்கொத்தாக மாற்றினார்கள். எட்டுச் சீனச் சித்தர்களின் பெயரால் 'போய்சியன்' என்று அழைத்து, வீட்டு வாசலில் வைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இரண்டின் சாறும் நஞ்சு; குழந்தை கையில் படாத இடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக டேபிள் ரோஸ். பத்து மணிப் பூ என்பார்கள். சக்குலன்ட் என்று யாரும் அதை மரியாதையாக அழைப்பதில்லை, விலையும் இல்லை. சதைப்பற்றான தண்டு, தென்னமெரிக்கப் பூர்வீகம், எண்ணற்ற நிறங்கள். "அக்கா, அந்த ஆரஞ்சுல ஒரு கொப்பு ஒடிச்சுக் குடுங்களேன்" என்று சுற்றுச்சுவரைத் தாண்டியே தமிழ்நாடு முழுக்கப் பரவிய செடி அது. கேட்டு வாங்காமல் திருடி நட்டால்தான் நன்றாக வரும் என்று வேறு ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. செடி விஷயத்தில் மட்டும் நம் ஊரில் களவுக்கு இவ்வளவு தாராளம்.

களவு எல்லா இடத்திலும் இப்படி விளையாட்டாக இல்லை. வெண்மெழுகு பூசிய டட்லியா என்ற செடியைக் கலிபோர்னியாவின் கடற்பாறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பெயர்த்துக் கடத்தினார்கள். 2021இல் அதற்கென்றே அங்கே தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் செடிகளுக்கும் இதே கதி. மலையைச் சுரண்டி வந்த அபூர்வத்தைவிட, நர்சரியில் பிறந்த கலப்பினம் எந்த நாளும் மேல்.

அடுத்தமுறை வாங்கப் போகும்போது அழகாய்ச் சிவந்திருக்கும் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நர்சரிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, இதுல எது இந்த ஊர்ல ஒரு மே மாசத்தைத் தாண்டினது?" பின்னால் எங்காவது ஒரு மூலையில், தூசி படிந்து, பாதி பச்சையாக ஒன்று இருக்கும். அதை வாங்குங்கள். பிழைத்ததும் ஓர் இலையை அடியோடு கழற்றி, காயவைத்து, எதிர்வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் வீட்டு ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்றால், உங்கள் செடி அங்கே வேறு நிறமாக இருக்கும், போய்ப் பாருங்கள்.